பத்து மார்க்குக்கு 38 பேர்!

இந்த வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். 2009-ல், செமஸ்டர் பரீட்சையில், ஒரு பொய்யை ஒன்றரைப் பக்கத்துக்கு விலாவாரியாக எழுதி பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கினேன். குறைந்த அந்த ஒரு மார்க்கும் என் கையெழுத்துக்காகத்தான் இருக்கணும்.

எனக்கு சைக்காலஜி ஒரு துணைப்பாடம். கேள்வி இதுதான்: கூட்டத்தில் ஒருத்தருக்கு ஆபத்து என்றால் ஏன் யாரும் உதவிக்கு வருவதில்லை? பதில் எனக்கு மனப்பாடம். 1964 மார்ச் மாதம். நியூயார்க்கில் க்யூ கார்டன்ஸ் என்ற பகுதி. ராத்திரி வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தியால் குத்துகிறான். அவள் அலறுகிறாள். 38 பேர் அவரவர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருத்தர்கூட அசையவில்லை. 'மனிதம் செத்துவிட்டது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் கூட ஒரு மார்க் கிடைக்கும் என்று சீனியர் சொல்லியிருந்தார். சேர்த்தேன்.

கொலை நடந்தது நிஜம். அந்த 38 பேர்தான் நிஜமில்லை. குத்தியதைக் கண்ணால் பார்த்தவர்கள் ரொம்பச் சில பேர். ஒருவர் ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டதில் கொலைகாரன் முதலில் ஓடியிருக்கிறான். பிறகு திரும்பி வந்துதான் மறுபடி தாக்கியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் ஓடிவந்து, உயிர் போய்க்கொண்டிருந்த கிட்டியை மடியில் தாங்கிப் பிடித்திருக்கிறார். 38 என்பது நியூயார்க் டைம்ஸ் அப்போது போட்ட செய்தி. அந்தச் செய்தியில் கோளாறு இருந்தது என்று 2016-ல் அந்தப் பத்திரிகையே எழுதிவிட்டது.

அது இருக்கட்டும். என் வயிற்றெரிச்சல் வேற. மேனிங், லெவைன், காலின்ஸ் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் கோர்ட் ஆவணங்களையெல்லாம் தோண்டி, 'பாடப்புத்தகங்கள் சொல்லும் இந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை' என்று ஒரு பெரிய ஜர்னலில் எழுதினார்கள். எப்போது தெரியுமா? 2007-ல். நான் பரீட்சை எழுதுவதற்கு இரண்டு வருஷம் முன்னாடி!

(கூட்டத்தில் உதவி குறையும் என்பதை 1968-லிருந்து பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. அது தனி. பொய்யானது கதை மட்டும்தான். ஆனா பாஸ், எனக்கு மார்க் போட்டது கதைக்குத்தான்!)

அப்போ பாடப்புத்தகம் என்பதை யார் எழுதுகிறார்கள்? ஒரு தப்பு உள்ளே நுழைந்தால் ஏன் வாடகை வீட்டுக்காரர் மாதிரி காலி பண்ணவே மாட்டேங்குது? இந்தக் கேள்வியோடு தேடிப் போனபோதுதான் அந்த மனிதர் கிடைத்தார். எட் டீனர். பெரும்பாலும் 'டாக்டர் ஹேப்பினஸ்' என்றுதான் அவரைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது வேறு காரணத்துக்காக.

டீனர் 1946-ல் பிறந்தவர். கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வளர்ந்த விவசாயக் குடும்பத்துப் பையன். ஃப்ரெஸ்னோ கல்லூரியில் டிகிரி படிக்கும்போது ஒரு வகுப்புக்கு ப்ராஜெக்ட் பண்ண வேண்டியிருந்தது. நம்மாள் ஒரு ஐடியாவோடு போனார். 'சார், பண்ணையில் கூலி வேலை செய்கிறவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணப்போறேன்.'

பேராசிரியர் முடியாது என்றுவிட்டார். இரண்டு காரணம் சொன்னாராம். ஒன்று, கூலிக்காரர்கள் சந்தோஷமாக இல்லை என்பது அவருக்கே தெரியும். இரண்டு, சந்தோஷத்தை அளக்கவே முடியாது.

கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. அளக்கவே முடியாது என்றால், அவர்கள் சந்தோஷமாக இல்லை என்பது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இதை அங்கேயே கேட்டிருந்தால் டீனருக்கு இன்டர்னல் மார்க் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பேசாமல் வேறு தலைப்புக்கு மாறினார். அந்தத் தலைப்பு என்ன தெரியுமா? ஊரோடு ஒத்துப்போகும் குணம்! சத்தியமாக, இதை நான் கற்பனை பண்ணவில்லை.

அப்புறம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. 1974-லிருந்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் வேலை. 1976-ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி, சினிமா சீன் மாதிரி இருக்கும். சியாட்டில் நகரம். ஹாலோவீன் ராத்திரி. குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். 27 வீடுகளில் மிட்டாய்க் கிண்ணத்தையும் பக்கத்தில் சில்லறைக் கிண்ணத்தையும் வைத்துவிட்டு, 'ஆளுக்கு ஒரே ஒரு மிட்டாய் எடுத்துக்கோங்க' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரம்மா உள்ளே போய்விடுவார். மறைவில் ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுப்பார். மொத்தம் 1,352 குழந்தைகள். தனியாக வந்து, பேரையும் சொல்லியிருந்த குழந்தைகளில் கூடுதலாக எடுத்தவர்கள் நூற்றுக்கு எட்டு பேர்கூட இல்லை. கும்பலாக வந்து, பேர் சொல்லாத குழந்தைகளிலோ பாதிக்கு மேல்! முகமூடியும் கூட்டமும் சேர்ந்தால் நல்ல பிள்ளையின் கையும் நீளும். இந்தச் சோதனை உடனே பாடப்புத்தகங்களுக்குள் குடிபோய்விட்டது. ஆக, டீனர் தன் முப்பதாவது வயதிலேயே நம்ம மாதிரி ஆட்கள் மனப்பாடம் பண்ணுகிற பத்து மார்க் கேள்வி ஆகிவிட்டார்.

ஆனால் அந்தப் பழைய ப்ராஜெக்ட் அவர் மனசை விட்டுப் போகவில்லை. நிரந்தரப் பதவி கிடைத்து, இனி யாரும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது என்ற நிலை வந்ததும், 1981-ல் சந்தோஷத்தை ஆராய உட்கார்ந்துவிட்டார். (வேலை நிரந்தரமானதும் நாம் என்ன பண்ணுவோம்? ஈ.எம்.ஐ-ல் வண்டி எடுப்போம்.) 1985-ல் மூன்று சகாக்களோடு சேர்ந்து ஓர் அளவுகோலை வெளியிட்டார். மொத்தமே ஐந்து வாக்கியம். உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா, மறுபடி வாழக் கிடைத்தால் எதையாவது மாற்றுவீர்களா என்ற ரீதியில் போகும். ஒவ்வொன்றுக்கும் 1-லிருந்து 7 வரை மார்க் போட வேண்டும். கூட்டினால் 5-லிருந்து 35-க்குள் வரும். 20 வந்தால் நடுவாந்தரம். அவ்வளவுதான் கருவி!

'காலையில் காதலி திட்டியிருந்தால் மார்க் குறையாதா பாஸ்?' என்று கேட்பீர்கள். நியாயம். அதே கேள்வியைப் பல பேர் அவரிடம் வருஷக்கணக்கில் கேட்டார்கள். அதனால்தான் ஒரே ஆளை வேறு வேறு நாளில் கேட்டுப் பார்ப்பது, அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்பது என்று சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை கவனிங்க. இந்த மாதிரி உளவியல் சோதனைத்தாள்களை உரிமை வாங்கி, ஒவ்வொரு தாளுக்கும் காசு வாங்கி விற்பது ஒரு பெரிய வியாபாரம். டீனர் தன் ஐந்து வாக்கியத்தையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அனுமதியும் கேட்க வேண்டாம், காசும் தர வேண்டாம் என்று திறந்து வைத்தார். பல மொழிகளுக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிகளில் பயன்பட்டது. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு எம்.ஃபில் மாணவி, கையில் காசில்லாமல், அந்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பாள் இல்லையா?

தெரு என்றதும் கல்கத்தா ஞாபகம் வருகிறது. டீனரின் மகன் ராபர்ட் பிஸ்வாஸ் டீனரும் உளவியல்காரர். அவர் கல்கத்தாவில் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில் வாழ்பவர்கள் என 83 பேரிடம் உட்கார்ந்து பேசினார். அப்பாவும் மகனும் சேர்ந்து 2001-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மொத்த வாழ்க்கையை எடுத்துக்கொண்டால், அவர்கள் கொடுத்த மார்க் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் குடும்பம், நட்பு, தன் ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டபோது மார்க் நடுக்கோட்டுக்கு மேலே! வசதியானவர்களைவிடக் குறைவுதான். ஆனால் வெளியே நின்று பார்க்கிறவர்கள் நினைப்பதைவிட அதிகம். ஏழ்மை இனிமையானது என்று இதை யாராவது போஸ்டர் அடித்தால் அடிக்க வருவேன். கட்டுரையும் அப்படிச் சொல்லவில்லை. கேட்காமலேயே பதில் தெரியும் என்று சொன்ன அந்தப் பழைய பேராசிரியருக்கு 30 வருஷம் கழித்துப் போன பதிலாகத்தான் எனக்கு அது தெரிகிறது.

இப்போ புத்தகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் கல்லூரிப் பாடப்புத்தகத்தின் விலை 2006 ஜனவரியிலிருந்து 2016 ஜூலைக்குள் 88 சதவிகிதம் ஏறியதாக அந்த நாட்டு அரசுக் கணக்கே சொல்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புது எடிஷன். அட்டைப்படம் மாறும், பக்க எண் மாறும், பழைய புத்தகத்தை ஜூனியருக்கு விற்க முடியாது. அங்கே பையன்கள் புத்தகம் வாங்காமலே வகுப்புக்குப் போனார்கள். இங்கே நமக்கு ஜெராக்ஸ் கடை அண்ணன் இருக்கிறார். அதுவும் சும்மா கிடைக்கவில்லை, ஞாபகம் இருக்கட்டும். டெல்லி யுனிவர்சிட்டி வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மேல் 2012-ல் மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016-ல் டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீடெல்லாம் நடந்து, 2017-ல் பதிப்பகங்களே வாபஸ் வாங்கின. கேஸில் முதல் நாளிலிருந்து கூட நின்றவர்களில் மாணவர்களும் உண்டு.

டீனர் என்ன பண்ணினார்? அவரும் மனைவி கேரலும் சொந்தமாக ஒரு கல்வி நிதியை ஆரம்பித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'நோபா' என்ற இலவசப் பாடப்புத்தகத் திட்டம். ஒரே ஆசிரியர் எல்லா அத்தியாயத்தையும் எழுதுவதற்குப் பதில், எந்த விஷயத்தில் யார் கில்லாடியோ அவரையே எழுத வைப்பது. சாட்சிகளின் ஞாபகத்தை நம்பலாமா என்ற பாடம் வேணுமா? அந்த ஆராய்ச்சியிலேயே ஊறிய எலிசபெத் லாஃப்டஸ், கேரா லேனியோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். வெறுப்பும் பாரபட்சமும் எப்படி வருகிறது? சூசன் ஃபிஸ்க். சந்தோஷம்? வேற யாரு, டீனரேதான்!

வாத்தியார் தனக்கு வேண்டிய பாடங்களை மட்டும் பொறுக்கி, வரிசை மாற்றி, தன் வகுப்புக்கென்றே ஒரு புத்தகம் கட்டிக்கொள்ளலாம். மாணவன் சும்மா இறக்கிக்கொள்ளலாம். பிரதி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம். பெயரைக் குறிப்பிட வேண்டும், காசுக்கு விற்கக் கூடாது, மாற்றியதையும் இதே நிபந்தனையில் எல்லோருக்கும் திறந்து விட வேண்டும். அதாவது ஜெராக்ஸ் எடுப்பது இங்கே குற்றமில்லை, உரிமை!

எனக்கு இதில் ஒரு நெருடலும் உண்டு. ஒரு பேராசிரியர் குடும்பம் தன் பையிலிருந்து பணம் போட்டுத்தான் பாடப்புத்தகத்தை இலவசமாக்க முடியும் என்றால், அது அந்தக் குடும்பத்தின் பெருமை. பல்கலைக்கழகங்களுக்கு அது பெருமையா?

விலை பிரச்னை தீர்ந்தது. என் 38 பேர் பிரச்னை? அதற்கும் நம்மாளிடம் ஒரு கதை உண்டு.

2006-ல் 'பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் சைக்காலஜிக்கல் சயின்ஸ்' என்ற ஜர்னல் ஆரம்பித்தபோது முதல் ஆசிரியர் டீனர். 2009-ல் அவர் ஒரு வெடிகுண்டுக் கட்டுரையை வெளியிட்டார். மூளையை ஸ்கேன் பண்ணி, 'இந்த இடம் எரிந்தால் இந்த குணம்' என்று வந்துகொண்டிருந்த ஆராய்ச்சிகளில் பலவற்றின் எண்கள், நம்பவே முடியாத உயரத்தில் இருக்கின்றன என்று சொன்ன கட்டுரை. முதலில் அதன் தலைப்பிலேயே 'வூடூ' என்று இருந்தது. அதாவது பில்லி சூனியக் கணக்கு! அச்சாகும் முன்பே விஷயம் வெளியே கசிந்து ரகளையாகிவிட்டது. டீனர் தலைப்பைச் சாந்தமாக மாற்றி, கட்டுரையைப் போட்டு, எதிர்த்தவர்களின் பதில்களையும் அதே இதழில் பக்கத்திலேயே போட்டார். அறைக்குள் நடக்கும் சண்டையைத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அடுத்த சில வருஷங்களில் உளவியலே கிடுகிடுத்தது. 2011-ல் நெதர்லாந்தின் டீடெரிக் ஸ்டாப்பெல் என்ற நட்சத்திரப் பேராசிரியர் டேட்டாவை உட்கார்ந்த இடத்தில் இட்டுக்கட்டியது அம்பலமானது. அதே வருஷம் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சன் என்ற மூவர் வேண்டுமென்றே ஒரு குறும்பு செய்தார்கள். பீட்டில்ஸின் ஒரு பாட்டைக் கேட்டதால் மாணவர்களின் வயது ஒன்றரை வருஷம் குறைந்துவிட்டது என்று முறையான புள்ளியியலோடு 'நிரூபித்தார்கள்'. கேட்டால் நன்றாக உணர்ந்தார்கள் என்றில்லை. நிஜமாகவே வயது குறைந்துவிட்டதாம்! இது எப்படிச் சாத்தியம்? தெரு கிரிக்கெட்டில் டாஸ் தோத்துட்டா, 'மச்சி, மூணுல ரெண்டு' என்போம். அதிலும் தோத்தா 'அஞ்சுல மூணு'. நாம் ஜெயிக்கிற வரை நீட்டுவோம். ஜெயித்ததும் 'டாஸ் ஜெயிச்சாச்சு' என்று மட்டும் எழுதிவிட்டு, முன்னாடி போட்டதையெல்லாம் மறைத்தால்? ஆராய்ச்சியிலும் அப்படி நீட்டலாம், மறைக்கலாம் என்று காட்டுவதற்காகத்தான் அந்தக் குறும்பு. அதில் ஏமாற்றுக்காரன் என்று யாரும் இருக்க வேண்டியதில்லை. நல்லவர்களே தங்களுக்குத் தெரியாமல் இதைச் செய்துவிடுவார்கள் என்பதுதான் பயம்.

மருந்து என்ன? டாஸ் போடும் முன்பே 'ஒரே ஒரு தடவைதான்' என்று எழுதி எல்லோர் முன்னாலும் ஒட்டிவிடுவது. டேட்டாவை அலமாரியில் பூட்டாமல் எல்லோருக்கும் கொடுப்பது. இன்னொருத்தர் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பது. இதைத்தான் திறந்த அறிவியல் என்கிறார்கள். வர்ஜீனியாவின் பிரையன் நோசெக் 2013-ல் இதற்கென்றே ஒரு மையம் ஆரம்பித்தார். அங்கிருந்து 270 ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, 2008-ல் மூன்று முக்கிய ஜர்னல்களில் வந்த 100 ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்தார்கள். முதலில் செய்தபோது 97 சதவிகிதம் 'வெற்றி'. திரும்பச் செய்தபோது? 36.

நம்ம ஊர் கணக்கில் ஜஸ்ட் பாஸ்!

இப்போ ஒரு பாடப்புத்தக ஆசிரியரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். முதல் வருஷப் பையன் ஆர்வமாக வந்து உட்காருகிறான். அவனிடம் போய், 'தம்பி, இதில் பாதி நிற்குமா என்று தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? கடையைத் திறந்ததும் சரக்கு சரியில்லை என்று சொன்ன மாதிரி ஆகாதா? பெரும்பாலான புத்தகங்கள் வாயை மூடிக்கொண்டன. ரிச்சர்ட் கிரிக்ஸ் என்ற பேராசிரியர் 2014-ல் அறிமுக உளவியல் புத்தகங்களை அடுக்கி வைத்துப் பார்த்தார். ஸ்டான்ஃபோர்ட் சிறைச்சோதனையைப் பற்றிப் பெரும்பாலானவை உருக்கமாக எழுதியிருந்தன. அதன் மேல் வந்த விமர்சனங்களைப் பல புத்தகங்கள் தொடவே இல்லை.

டீனரும் ராபர்ட்டும் நோபாவுக்காக ஒரு பாடம் எழுதினார்கள். தலைப்பே, 'உளவியலில் மறுசோதனை நெருக்கடி'. நெருக்கடி எங்கோ அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கவில்லை. அறிமுக வகுப்புக்கான பாடமாகவே இருக்கிறது. ஒரு முடிவு ஏன் திரும்பி வராமல் போகலாம், மோசடிக்கும் தவறுக்கும் தற்செயலுக்கும் என்ன வித்தியாசம், அதற்காக எல்லாவற்றையும் குப்பையில் போட வேண்டுமா என்று பொறுமையாகச் சொல்கிறது. நான் அதைப் படித்தபோது எனக்கு வேலை கிடைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. பரீட்சையெல்லாம் முடிந்துபோன விஷயம். ஆனாலும் கொஞ்சம் கோபமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு அந்த 38 பேர் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன்? மார்க் வந்திருக்குமா? உண்மையைச் சொல்லட்டுமா, வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். திருத்துகிறவர் கையில் இருந்ததும் அதே பழைய நோட்ஸ்தானே!

டீனர் 2021 ஏப்ரலில், 74 வயதில் இறந்துபோனார்.

சரி, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. சைக்காலஜி, சமூகப்பணி, பி.எட், எம்.பி.ஏ என்று எது படித்தாலும் சரி, உங்க புத்தகத்திலோ நோட்ஸிலோ அந்த 38 பேர் இன்னும் ஜன்னலில் நிற்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, எந்த வருஷத்துப் பதிப்பு என்று குறிப்பிட்டு எனக்கு அனுப்புங்கள். கல்லூரி பெயர் வேண்டாம். என்னுடைய பழைய நோட்ஸை ஏற்கெனவே தேடி எடுத்துவிட்டேன். முதல் எண்ணிக்கை என்னுடையது.

அடுத்த வாரம் சந்திப்போமா?